புல் இல்லை, கோரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை லேக் மார்க்கெட்டில் வள்ளைக்கீரை வாங்கினேன். தெற்குப் பக்கத்து ரயிலில் வந்து, நடைபாதையில் சாக்கு விரித்து உட்காரும் பெண்களில் ஒருத்தி கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தபோது, கீரையைச் சுற்றிக் கட்டியிருந்தது சணலோ வைக்கோலோ இல்லை, ஒரு பச்சைத் தண்டு என்று தெரிந்தது. குப்பைக்கூடையில் போடும் முன் விரல்கள் தாமாகவே அதை உருட்டிப் பார்த்தன. உருளவில்லை. ஒரு ஓரம், இன்னொரு ஓரம், மூன்றாவது ஓரம் என்று தட்டித் தட்டி நின்றது.

அடுப்படியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தேன். பின்னால் நீ இல்லை. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

கீரையை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாததை இப்போது காகிதத்தில் சொல்வது சுலபம்தான். நீ குறுக்கே பேச மாட்டாய், அதனால்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் அந்த நிறுவனத்தில் சேர்ந்தோம். எங்கேயாவது புதிதாகக் கட்டடம் எழும்புவதற்கு முன், அந்த நிலம் எப்படிப்பட்டது என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது நம் வேலை. செடிகொடிகள் உன் பொறுப்பு. வரைபடமும் அறிக்கையைத் தொகுப்பதும் என் பொறுப்பு. நான் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள். நீ இங்கேயே, இந்த வங்காள நகரத்திலேயே பிறந்தவள். உன் தாத்தா காலத்தில் வங்கி வேலைக்காக வந்த குடும்பம். உன் தமிழ் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த தமிழ். கோபமோ சிரிப்போ அதிகமானால் வங்காளத்துக்குத் தாவிவிடும். நம் பெயர்களை ஒழுங்காக உச்சரிக்கிற ஆள் அந்த அலுவலகத்தில் நாம் இருவர்தான் என்று நீ முதல் நாளே சொன்னாய். அன்று மதியம் உன் டப்பாவிலிருந்த புளியோதரையில் பாதி எனக்கு வந்தது.

அந்த நிலத்துக்கு முதல்முறை போனது நல்ல மழைக்காலத்தில். பாலிகஞ்சில் ரயில் ஏறி ஒரு மணி நேரம், அப்புறம் பேட்டரி ரிக்ஷாவில் செங்கல் சாலை. கடல் அங்கிருந்து தூரம்தான். ஆனால் கடலின் ஏற்றவற்றம் ஒரு கால்வாய் வழியாக அதுவரைக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது. கரையில் இறங்கியதும் இடுப்புக்கு மேலே பச்சை. காற்று அடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தது.

"எவ்வளவு புல்லு!" என்றேன்.

"தூர்!" என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாய். "புல்லு இல்லடி. கோரை." ஒரு தண்டை ஒடித்து என் கையில் கொடுத்தாய். "விரலுக்கு நடுவுல வச்சு உருட்டு."

"உருள மாட்டேங்குதே."

"மூணு ஓரம். புல்லுன்னா உருண்டையா இருக்கும், நடுவுல கணு கணுவா இருக்கும். இதுக்குக் கணு கிடையாது. வேற ஒண்ணும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். ஓரம் இருக்கா பாரு, போதும்."

அப்புறம் குனிந்து, கையை முழங்கை வரைக்கும் சேற்றுக்குள் விட்டு, கறுப்பாக, விரல் தடிமனில் ஒரு கிழங்குத் தண்டை இழுத்துக் காட்டினாய். அது பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கோடையில் மேலே இருப்பதெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும், பார்ப்பவர்கள் வெறும் தரிசு என்று நினைப்பார்கள், ஆனால் இது அடியில் வருஷக்கணக்காக உயிரோடு கிடக்கும் என்றாய். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் மாறி மாறி வந்து நிற்கிற சேறு அதற்கு வேண்டும். அது இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

அங்கே நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணியை நீ "மாஷி" என்று கூப்பிட்டாய். சித்தி என்கிற மாதிரி. கரைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளில் ஒன்று அவளுடையது. அவள் கையை வீசி வீசி வங்காளத்தில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"மூணு பாடா, அதாவது மூணு குடியிருப்போட மழைத்தண்ணியும் இங்க வந்துதான் உக்காருமாம். இது உக்காரலேன்னா அவங்க உக்கார முடியாதாம்."

அன்று மாலை உங்கள் வீட்டில் அந்தக் கோரையைச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே உன் அப்பாவின் பழைய சட்டப் புத்தகங்களை அடுக்கி அழுத்தினோம். அப்பா இறந்த பிறகு அந்தப் புத்தகங்களுக்கு இதுதான் வேலை என்று உன் அம்மா சிரித்தார். பத்து நாள் கழித்து, காய்ந்ததை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டி, கீழ் மூலையில் சீட்டு எழுதினாய். இடம், நாள், சேற்றின் தன்மை. சேகரித்தவர்கள் என்ற இடத்தில் உன் பெயர், ஒரு கமா, என் பெயர்.

"நான் குடைதான் பிடிச்சேன். என் பேரு எதுக்கு?" என்றேன்.

"பார்த்தே இல்ல? அப்ப எழுதணும்."

அடுத்த பங்குனியில் அறிக்கை தயாரானது. நீ ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் சென்னை போயிருந்தாய். மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். மிகவும் மரியாதையான மனிதர். ஆங்கிலத்தில், கிட்டத்தட்ட கெஞ்சுவது போலவே கேட்டார். மழைக்காலத்தில் எந்த நிலத்தில்தான் தண்ணீர் நிற்காது, இந்த மாதம் எடுத்த படங்களே இருக்கின்றனவே, அவற்றை மட்டும் வைத்தால் என்ன, ஒரு புல்லுக்காக ஒரு திட்டத்தையே தூக்கிப் போடுவார்களா என்றார். என் வேலை நிரந்தரமாகும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவர் புல் என்றபோது, இல்லை, கோரை என்று என் வாய் சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்தேன்.

அன்று பிற்பகல் என் மேஜையில் உட்கார்ந்து நீ எழுதிய பின்னிணைப்பைத் திறந்தேன். சதுப்பு நிலம் என்று இருந்த இடங்களில் மழையில் ஈரமாகும் தரிசு என்று மாற்றினேன். கோரையைப் பற்றிய பக்கங்களை எடுத்துவிட்டு, மிச்சத்தில் அந்தச் சொல்லைத் தேடித் தேடி அழித்தேன். கடைசியில் தேடியபோது அப்படி ஒரு சொல்லே இல்லை என்று கணினி சொன்னது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

உனக்கு அது தெரியவர ஒன்றரை மாதம் ஆனது. காளிகாட் மெட்ரோ நிலையத்தில், வேலைக்குப் போகும் நேரத்தில், கூட்டத்துக்கு நடுவே என் கையைப் பிடித்து நிறுத்தினாய். கையில் அறிக்கையின் நகல்.

"என் பக்கமெல்லாம் எங்கடி?"

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"நீ எடுத்தியான்னு கேக்கறேன்."

"ஆமா."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கேட்டாங்க. எடுத்துட்டேன்."

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். வங்காளத்தில் திட்டுவாய், நான் அழுவேன், ஏதோ ஒரு வழியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ என் கையை விட்டாய். வண்டி வந்து நின்றது.

"நீ இதுல போ. நான் அடுத்ததுல வரேன்" என்றாய்.

கதவு மூடும்போது பார்த்தேன். அந்த நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாய். உன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அந்த வாரமே நீ வேலையை விட்டாய். ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுத்தாய் என்றும், மாஷி வீட்டுக்காரர்கள் அந்த நிலத்தை மூடக் கூடாதென்று மனு எழுத உதவினாய் என்றும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் உன்னிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. வெடித்துக் கிடந்த கறுப்பு மண்ணைக் கிழித்துக்கொண்டு ஈட்டி ஈட்டியாய்ப் பச்சை முளைகள். கூட ஒரு எழுத்துக்கூட இல்லை. நான் பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். அந்தத் திரையில் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நிறுத்திவிட்டேன் என்பதும் தெரிந்திருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் லாரிகள் வரத் தொடங்கின. உடைந்த கட்டட இடிபாடுகளையும் சாம்பலையும் கொட்டி அந்த நிலத்தின் வடக்குப் பாதியை மூடினார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீருக்கு உட்கார இடமில்லை. அது எழுந்து மாஷி வீட்டுப் பக்கம் போனது. நாள்கணக்கில் அங்கேயே நின்றது. நீ வாரத்துக்கு இரண்டு நாள் அந்தத் தண்ணீரில் இறங்கி நடந்து போய் வந்திருக்கிறாய். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆறு நாள். பழைய அலுவலகக் குழுவில் யாரோ எழுதியிருந்த இரண்டு வரியில்தான் நான் தெரிந்துகொண்டேன். உன்னைக் கடித்த கொசு அங்கே தேங்கிய தண்ணீரில் பிறந்ததா, இந்த ஊரின் ஏதோ ஒரு மொட்டைமாடித் தொட்டியில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. நான் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உன் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையில், ஒரு மருந்துக்கடையின் கூரைக்குக் கீழே நின்றிருந்தேன். மழை. உன் உடலை வண்டியில் ஏற்றினார்கள். பால்கனியில் உன் அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். வா என்று அழைக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வண்டி போன பிறகும் நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.

அதற்குப் பிறகுதான் நீ வரத் தொடங்கினாய்.

காளிகாட்டில் என் வண்டி கிளம்பும்போதெல்லாம் நடைமேடையில் யாரோ ஒருத்தி ஏறாமல் நிற்பாள். முகம் தெரியாது. துணிப்பை தெரியும், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பச்சை தெரியும். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டுவதற்குள் சுரங்கம் வந்துவிடும். ஒருமுறை அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பி வந்து பார்த்தேன். ஒரு கல்லூரி மாணவி புதினாக்கட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஓடி வந்திருந்ததால் மூச்சு வாங்கியது.

ஏழாவது மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில், ஏசி ஓடும் அறையில், பட்டப்பகலில் சேற்று வாடை வரும். உப்பும் அழுகலும் கலந்த அந்தக் கால்வாய் வாடை. பக்கத்து மேஜைக்காரர்களைக் கேட்டேன். ஒன்றும் வரவில்லையே என்றார்கள். ஏதாவது அறிக்கையில் ஈரம், தரிசு என்ற சொற்களை அடிக்கும்போது அது வரும். விரலை மூக்கருகே கொண்டுபோனால் இருக்காது. நான் கைகழுவப் போகும் நேரங்கள் அதிகமாயின. நான் பைத்தியக்காரி இல்லை. நீயும் பேய் இல்லை. ஆனால் நான் அழித்தது அழியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மேலே காய்ந்துபோய், அடியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

நீ போய் ஒரு வருஷம் கழித்து உன் அம்மா கூப்பிட்டார்.

கதவைத் திறந்தவர், "செருப்பை வெளியில விட்டுட்டு உள்ள வா" என்றார். உன் அறையில் கட்டிலின் மேல் கோரை ஒட்டிய அட்டைகள் ஒரு அடுக்காக இருந்தன. "ரூமை ஒழிச்சிண்டிருக்கேன். இந்தக் காய்ஞ்ச செடியெல்லாம் தூக்கிப் போட மனசு வரலை. மேல உன் பேரு எழுதியிருந்தது. அதான் கூப்பிட்டேன்."

மேலே இருந்தது அந்த முதல் நாளின் அட்டை. நான் குடை பிடித்த நாள். அதன் கீழே, நான் இல்லாமல் நீ போன நாள்கள். வெடித்த மண்ணின் கோடை, முளை வந்த ஆனி, லாரி வந்த குளிர்காலம், கடைசி மழை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று. கோடையில் வெட்டிய கிழங்குத் தண்டைக்கூடத் தனியாக ஒட்டி, வெட்டிய இடத்தில் ஈரம் கசிந்தது என்று எழுதியிருந்தாய்.

சேகரித்தவர்கள் என்ற இடத்தைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உன் பெயர் இருந்தது. உன் பெயருக்குப் பிறகு ஒரு கமா. கமாவுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நானும் கேட்டேன். ஏன்டி கமா போட்டு அரையும் குறையுமா நிறுத்தியிருக்கேன்னு."

"என்ன சொன்னா?"

"'வருவாம்மா'ன்னா."

எனக்கு அழுகை வரவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினேன். உன் அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் உனக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவர் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதும் இல்லை. கிளம்பும்போது அட்டைகளை ஒரு பழைய பருத்திப் புடவையில் சுற்றிக் கொடுத்தார்.

மாஷியும் மற்றவர்களும் கொடுத்த மனு அதற்குள் விசாரணைக்கு வந்திருந்தது. அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடி. அவர்களிடம் உன் குறிப்புகளின் நகல் இருந்தது. ஆனால் எழுதியவள் உயிரோடு இல்லை, இவை உண்மைதான் என்று சொல்ல வேறு யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இதை மாஷியின் வக்கீலிடமிருந்து தெரிந்துகொண்டபோது, உன்னோடு அந்த ஆய்வுக்குப் போனவர்களில் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான் என்று எனக்குப் புரிந்தது. நிலம் தரிசு என்று எழுதியவளும் நான்தான். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டும்.

மத்தியான வெயிலில் புடவைப் பொட்டலத்தோடு படியேறினேன். கட்டுமானக்காரர்களின் வக்கீல் அட்டைகளைப் புரட்டிவிட்டு, "இது எந்தச் சாக்கடையிலும் வளர்கிற புல்தானே, மேடம்?" என்றார்.

"புல் இல்லை. கோரை" என்றேன்.

மாஷி ஒரு பிடி பச்சைத் தண்டைக் கொண்டுவந்திருந்தாள், இன்னும் மூடப்படாத தெற்குப் பாதியிலிருந்து. அதிலிருந்து ஒன்றை எடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தேன். உருட்டிப் பாருங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உருட்டினார். அது தட்டித் தட்டி நின்றது.

"அப்படியானால் இந்த அறிக்கையில் இதைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை?"

"இருந்தது. நான் எடுத்துவிட்டேன்."

"யார் சொல்லி?"

"கேட்டார்கள். எடுத்தது நான்."

எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். அவ்வளவுதான். இரண்டரை வருஷமாகச் சொல்லாமல் கிடந்தது, ஒரு வரியில் முடிந்துவிட்டது. கோடையிலும் மழையிலும் நீ ஒட்டிவைத்த அட்டைகளை வரிசையாக விரித்தேன். கமாவுக்குப் பின்னால் ஏன் வெற்றிடம் என்று வக்கீல் கேட்டார். அந்த நாள்களில் நான் அங்கே போகவில்லை, அதனால் என் பெயர் இல்லை என்றேன். நான் நேரில் பார்த்தது முதல் அட்டையில் இருப்பதை மட்டும்தான் என்றும் சொன்னேன்.

வெளியே வராந்தாவில் மாஷி என் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் நின்றிருக்கிறேன்.

"இத்தனை நாள் எங்கேம்மா இருந்தே?" என்றாள் வங்காளத்தில். "என் அடுப்பு ரெண்டு மழைக்கு முங்கிடுச்சு. அந்தப் பொண்ணு தண்ணியில நடந்து நடந்து வந்தா. நீ எங்கே இருந்தே?"

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

வடக்குப் பாதியில் இப்போது கட்டடங்கள் நிற்கின்றன. அது போனது போனதுதான். தெற்குப் பாதியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. கால்வாய்த் தண்ணீர் வந்துபோகக் கரையை ஒரு இடத்தில் வெட்டிவிட்டார்கள். போன மழைக்கு மாஷி வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர்தான், ஒரே நாளில் வடிந்தது என்று கேள்விப்பட்டேன். என்னை வேலையிலிருந்து போகச் சொன்னார்கள். போனேன். இப்போது வேறொரு சின்ன இடத்தில் அதே வேலையைச் செய்கிறேன். அறிக்கை ஒவ்வொன்றையும் முடிக்க மற்றவர்களைவிட எனக்கு அதிக நாள் ஆகிறது என்று அங்கே சலித்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நீ போய்விடுவாய் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. நடைமேடையில் இன்னும் நிற்கிறாய். முன்பு போல நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்ப்பதில்லை. நீ நிற்பது தெரிந்தே வண்டியில் போகிறேன். அந்த அட்டைகள் இப்போது உங்கள் கல்லூரியின் அலமாரியில் இருக்கின்றன. கொடுப்பதற்கு முந்தின நாள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெற்றிடங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வருவாள் என்று நீ சொன்னாய். நான் வந்தது நீ போன பிறகு. பேனாவை மூடிவிட்டேன்.

நேற்று பாருய்ப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு நிலத்தைப் பார்க்கப் போனேன். நல்ல கோடை. மண் வெளுத்துக் கிடந்தது. கூட வந்தவர், "வெறும் பொட்டல் மேடம், எழுதி முடிச்சிடலாம்" என்று கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன். வெயில் உச்சந்தலையில் ஏறியது. அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் குதிகாலுக்கு அடியிலிருந்து, மிக மெதுவாக, ஒரு குளிர்ச்சி ஏறி வந்தது.

குறிப்பேட்டில் ஈரம் என்று எழுதி, அதன் கீழே என் பெயரை எழுதினேன்.